கொடி ஏறிய நாளும் ஏழுமலையின் பாடும்

சென்ற வாரம் பட்டண நிர்வாகக் கச்சேரியிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் என் மகன் வயதுதான் இருக்கும். ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்துப் பக்கம், புயற்காற்று வருவதைச் சொல்லும் கொடிமரம் இன்னொன்று நடப்போகிறார்களாம்.

"நீங்கதான் மொதக் கொடிமரத்த நட்டவருனு பதிவுல எழுதியிருக்குது. உங்க காலத்துல பட்டணத்துல புதுசு புதுசா எவ்ளோ நடந்துச்சு! அதெல்லாம் எப்டி செஞ்சீங்கனு எழுதிக் குடுத்தா எங்களுக்கு ஒதவும்" என்றார் மூத்தவர்.

புகழ்ச்சியைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். "மரத்த நட்டது நாலு கூலியாளுங்க. நான் நெழல்ல நின்னுனு இருந்தேன்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கேட்டதை மட்டும் எழுதினால் அது அரைப்பொய்யாகிவிடும். அதனால் கேட்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன். என் நைனா ஏரியிலும் கடலிலும் மீன் பிடித்தவர். எனக்குப் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். மூன்று முறை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "இவன் கரைக்குத்தான் லாயக்கு" என்று எழுத்துப் படிக்க அனுப்பிவிட்டார். தமிழ் எழுத்து ஒரு வாத்தியாரிடம், கோட்டையை ஆண்ட உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், பாஷை கோட்டைச் சிப்பாய்களிடம். சிப்பாய்களிடம் கற்றதில் பாதி வசவு. அதை மறக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதன் பிறகு கச்சேரியில் எழுதுகிற இறகைச் சீவவும் படி எடுக்கவும் வேலை கிடைத்தது. கோட்டை மதிலுக்கு வெளியே இருக்கும் பழவேற்காட்டின் தெரு, கிணறு, சந்தை, படகுத்துறை, தீ, வெள்ளம் எல்லாம் எங்கள் கச்சேரியின் பொறுப்பு.

அந்த நாளில் கச்சேரியில் புதிதாக ஒன்று செய்வதென்றால் ஒரே வழிதான். மேலே இருக்கும் யாருக்காவது ஒரு யோசனை தோன்றும். தண்டோரா போடுவார்கள். ஊரே தலையாட்டும். ஒரு மாதத்தில் அது செத்துப்போகும். பிறகு ஊர்க்காரர்கள் திருந்தாத ஜென்மங்கள் என்று நாங்கள் உட்கார்ந்து அங்கலாய்ப்போம்.

தீயணைக்கத் தோல் வாளிகள் வந்த கதை அப்படித்தான். நல்ல வாளிகள். திருடுபோய்விடும் என்று கச்சேரிக் கிடங்கில் வைத்துப் பூட்டினோம். நெசவாளர் தெருவில் தீப்பிடித்த அன்று சாவி வைத்திருந்தவர் திருப்பாலைவனத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். கதவை உடைத்து எடுத்தால், வாளிகள் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. ஊற்றிய தண்ணீர் எங்கள் காலில்தான் கொட்டியது. ஏழு வீடுகள் எரிந்தன.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அந்தத் துரை கச்சேரிப் பொறுப்புக்கு வந்தார். அவர் பெயர் நீளமானது, எங்கள் நாக்கில் நிற்காது. அவரோடு ஒரு கண்ணாடிக் குழாயும் வந்தது. உள்ளே பாதரசம். காற்றும் மழையும் வருவதற்கு முன்பே அது இறங்கிக் காட்டும் என்றார். ஊர் அதற்கு ஜோசியக் குழாய் என்றும், அவருக்குக் குழாய்த் துரை என்றும் பெயர் வைத்துவிட்டது. அவருக்கு அது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை.

வந்ததும் அவர் உத்தரவு எதுவும் போடவில்லை. கச்சேரியின் பின்னறையில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போடச் சொன்னார். புதன்கிழமை காலைகளில் நாங்கள் நான்கு பேர் அங்கே உட்கார வேண்டும். துரை, பழைய கப்பல் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த மரைக்காயர் ஒருவர், கச்சேரியின் தலைமை எழுத்தர், நான். எனக்கு ஏன் நாற்காலி என்று தலைமை எழுத்தருக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை.

துரையின் வழக்கங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்டது அதைத்தான். உட்கார்ந்ததும் தலையிலிருந்த பொய்முடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அடியில் இருக்கும் மொட்டைத் தலையைச் சொறிந்துகொள்வார். அது கழன்ற பிறகு அவரிடம் எதையும் சொல்லலாம் என்று அர்த்தம். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். யோசனை எதுவானாலும் மூன்று கேள்வி கேட்பார். இது யாருடைய கஷ்டம்? இதை எங்கே சின்னதாகச் செய்து பார்க்கலாம்? நான் ஊருக்குப் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத யோசனையை அன்றே ஒதுக்கிவிடுவார். எவ்வளவு நல்ல யோசனையானாலும் அதே நாளில் சரி என்று சொல்லமாட்டார். அடுத்த புதன்கிழமைதான்.

கடைசியாக ஒன்று உண்டு. எல்லோரும் பேசி முடித்ததும் ஒரு சின்ன மணல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். மணல் முழுக்க இறங்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேச்சும் கூடாது. வாய்வரை வந்து நின்றுவிட்ட விஷயம் யாரிடமாவது இருந்தால், அதைச் சொல்வதற்கு மட்டும் வாயைத் திறக்கலாம். முதல் முறை எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மௌனத்தில் மனிதர்கள் எதையாவது கக்கிவிடுவார்கள் என்பதைப் போகப்போகப் பார்த்தேன்.

வாளி விஷயம் அப்படித்தான் தீர்ந்தது. மணல் இறங்கிக்கொண்டிருக்கும்போது மரைக்காயர் சொன்னார்: "தொரை, எங்க வூட்டு வாளி வெடிக்கிறதே இல்ல. ஏன்னா பொம்பளைங்க தெனம் தண்ணி மொள்றாங்க. பூட்டி வெச்சா தோலு காயாம இன்னா பண்ணும்?" அடுத்த மாதமே நெசவாளர் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு வாளியை வாசலில் மாட்டினோம். தினமும் எடுத்துப் புழங்கலாம், ராத்திரி மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஒரு தெருவில் ஒரு கோடை முழுக்கப் பார்த்தோம். இரண்டு வாளி காணாமல் போனது, மீதி எல்லாம் நனைந்து பதமாக இருந்தது. பிறகுதான் மற்ற தெருக்களுக்குக் கொடுத்தோம். நான் கச்சேரியில் பார்த்த முதல் உருப்படியான புது வேலை அது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

அதே மேசையில் இன்னொரு நாள், அறுந்த கயிற்றை வலை முடிச்சுப் போட்டு இணைக்கலாம் என்று நான் ஏதோ சொன்னேன். தலைமை எழுத்தர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருவாட்டு வாசன அடிக்குதே" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து குப்பத்துச் சங்கதி எதையும் அந்த மேசையில் நான் பேசியதில்லை. இதைப் பெரிய அவமானம் என்று சொல்லமாட்டேன். சின்ன விஷயம்தான். ஆனாலும் என் வாயை மூட அதுவே போதுமானதாக இருந்தது.

கொடி யோசனை துரையுடையது. குழாயில் ரசம் வேகமாக இறங்கினால், ஏரிக்கரையில் ஒரு பனைமரத்தை நட்டு அதில் கொடி ஏற்றுவது. கடலிலும் ஏரியிலும் இருப்பவர்கள் பார்த்துவிட்டுக் கரை திரும்பலாம். காற்றின் போக்கு எங்கள் ஆட்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் குழாய்க்கு அரைநாள் முன்னதாகவே தெரிந்தது. அந்த அரைநாளில் எத்தனை உயிர் என்பது மீன்பிடிக்கிறவன் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். இந்த வேலையில் எனக்கு இருந்த ஆசை வேறு எதிலும் இருந்ததில்லை. துரையும் அதை என் கையில் கொடுத்தார்.

முதலில் வெள்ளைத் துணி. தூரத்திலிருந்து பார்த்தால் படகுப் பாய்களோடு கலந்துவிட்டது. அப்புறம் நீலம். மழை மேகத்தில் கரைந்துபோயிற்று. கடைசியில் மரைக்காயர் சாயவேரில் தோய்த்த சிவப்புத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏரியின் நடுவில் நின்று பார்த்தாலும் தெரிந்தது. மரத்தின் உயரம், கயிறு, துணியின் அகலம் எல்லாம் பதிவில் இருக்கிறது. அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பதிவில் இல்லாதது இனி வருவது.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியும் இடத்தில், இறால் நன்றாக விழும் இடங்கள் சில இருக்கின்றன. குப்பம் முழுக்க அங்கே வலை கட்ட இடம் போதாது. அதனால் சீட்டுப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. உன் பாடு வரும் நாளில் நீ அந்த இடத்தில் இருக்க வேண்டும். வராமல் போனாலும், பாதியில் எழுந்து வந்தாலும் பாடு போய்விடும். சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காய்ச்சல், கல்யாணம், சாவு எதற்கும் விலக்கு இல்லை. ஒருவனுக்கு விலக்குக் கொடுத்தால் மறுநாள் மண்டை உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடவே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாடு பற்றிய பேச்சு கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது. வெளியாள் யாராவது பங்கு கேட்டுச் சீட்டுப் போட ஆரம்பித்துவிடுவான் என்று பயம்.

கொடியைப் பற்றி முடிவெடுத்த புதன்கிழமை, எல்லாம் பேசி முடித்ததும் துரை மணல் கடிகாரத்தைத் திருப்பினார். எனக்குப் பாடு நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளமாட்டேன். பாடு நாளில் கொடி ஏறினால் அவன் எழுந்து வருவானா என்ற கேள்வி முழுசாக, தெளிவாக என் மனசில் நின்றது. தலைமை எழுத்தரின் துண்டு மேசை மேல் கிடந்தது. குப்பத்துக் கட்டுப்பாடு ஒரு பக்கம், என் கூச்சம் ஒரு பக்கம். உயிருக்கு முன்னால் பாடு என்ன பெரிய பாடு, எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணல் இறங்கி முடிந்தது. துரை பொய்முடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சோதனை நாளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆடி மாதம். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலையில் கொடியை ஏற்றினோம். சில நாழிகைக்குள் எல்லாப் படகும் கட்டுமரமும் கரைக்கு வந்துவிட்டன. பொய்க்கொடி என்று தெரிந்ததும் என்னைத் திட்டினார்கள், பிறகு மரைக்காயர் கொடுத்த வெல்லத்தை வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். துரை என்னிடம், "இது மற்ற எல்லா நாளையும் போன்ற நாள்தானே?" என்று கேட்டார். "ஆமாம் துரை" என்றேன். ஆடியில் பாடு ஓடுவதில்லை. தெரிந்தே அந்த நாளை எடுத்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் விடியும்போதே ரசம் இறங்க ஆரம்பித்தது. துரை பொய்முடி இல்லாமலேயே கரைக்கு ஓடிவந்தார். கொடியை ஏற்றினோம். கடலுக்குப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். கரையில் ஒரே ஆரவாரம். துரை என் தோளைத் தட்டினார். நான் முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மூன்று படகுகள் அசையாமல் நின்றன. அவற்றில் ஒன்று ஏழுமலையுடையது. என் தங்கை அஞ்சலையின் புருஷன்.

துறையிலிருந்த தோணிக்காரனை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் வாந்தி. குரல் கேட்கும் தூரத்துக்கு வந்ததும் கத்தினேன்.

"மச்சான்! கொடி ஏறிடுச்சு, பாக்கலியா?"

"கண்ணு இன்னா அவிஞ்சா போச்சு? தெரியுது மச்சான்" என்றான். ஊன்றிய கழியில் வலையை இறுக்கிக்கொண்டே பேசினான். கூட அவனுடைய பங்காளி ஒருவன் இருந்தான்.

"தெரிஞ்சும் இன்னா பண்ணினு கீற? வா!"

"இப்ப எந்திரிச்சு வந்தா பாடு பூடும். இருபது நாளு காத்துனு இருந்து வந்த பாடு. இத்த வுட்டா அடுத்தது எப்பனு நீயே சொல்லு."

"பாடு போனா போவட்டும்டா!"

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "நீ சம்பளக்காரன் மச்சான். மழ பேஞ்சாலும் காத்தடிச்சாலும் உனுக்குத் துட்டு வரும். நீ சொல்லுவ. தண்ணி வடியுது பாரு, ஒரே ஒரு வாட்டி வலையத் தூக்கினு வந்துர்றேன். அஞ்சல கிட்ட சோறாக்கச் சொல்லு."

தோணிக்காரன் அதற்குமேல் நிற்க மறுத்தான். காற்று திரும்ப ஆரம்பித்திருந்தது. நான் அந்தப் படகில் தாவி ஏறி அவனை இழுத்திருக்கலாம். திரும்பி வந்தேன். அஞ்சலையிடம் சோறாக்கச் சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள் எதிர்க்கரை தெரியாமல் போயிற்று. கடல் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறியது. இரண்டு படகுகள் எப்படியோ தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தன. மூன்றாவது, கட்டிய வலையிலேயே சிக்கிக் கவிழ்ந்துவிட்டது. பங்காளி கழியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தான். ஏழுமலை மூன்றாம் நாள் காலையில் கரை ஒதுங்கினான். அடையாளம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். கச்சேரிக்கும் ஆள் வேண்டும், வீட்டுக்கும் ஆள் வேண்டும், இரண்டுக்கும் நான் ஒருவனே இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை மேசையில் தலைமை எழுத்தர் ஆரம்பித்தார். கொடியைப் பார்த்தும் வராதவர்களுக்குக் கொடி எதற்கு, மரத்தைப் பிடுங்கிப் படகுத்துறைக்குப் போடலாம் என்றார். துரை கண்ணை மூடியிருந்தார். நான் எழுந்து நின்று பாடு முறையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கும் நிறுத்தவில்லை.

துரை கண்ணைத் திறந்தார். "இது உனக்கு எப்போதிருந்து தெரியும்?"

"பொறந்ததுலேந்து தொரை."

"ஆடி மாதம் நாம் கொடி ஏற்றிய அன்று பாடு இருந்ததா?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறகைக் கீழே வைத்தார். பிறகு, "கொடி ஏறினால் எல்லோரும் கரைக்கு வரவேண்டும் என்று நான் உத்தரவு போட்டால் வருவார்களா?" என்றார்.

"வரமாட்டாங்க."

"யார் சொன்னால் வருவார்கள்?"

"எங்க நாட்டார் சொன்னா வருவாங்க." குப்பத்துத் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம்.

"அப்படியானால் நீ போய்க் கேள். நான் வரக்கூடாது. அது என் இடம் இல்லை." அதன் பிறகும் அவர் என்னை வேலையில் வைத்திருந்தார், மரியாதையாகவே நடத்தினார். ஆனால் ஒரு சோதனைக்கு நாள் குறிக்கும் பொறுப்பை மறுபடி என்னிடம் கொடுக்கவே இல்லை. அது நியாயம்தான்.

அன்று மாலையே குப்பத்துக்குப் போனேன். அம்மன் கோயிலுக்கு முன்னால் நாட்டாரும் நான்கைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி வலைக் குவியல்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்களில் அஞ்சலையும் இருந்தாள். கோட்டைக்குப் பாடு முறையைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

நாட்டார் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அதை மடித்து வாயில் போட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

"செவப்புக் கொடி ஏறுன நாளு பாடு நாளே இல்ல. அந்த நாளு கணக்குல வராது. கொடி எறங்குன மறுநாளு அதே ஆளுதான் போவான். எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லோரும் சம்மதம் என்றார்கள். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை.

நாட்டார் என் பக்கம் திரும்பினார். "கோட்டைக்குச் சொன்னது தப்புதான், அத்த அப்பால பேசிக்கலாம். ஆனா இத்த நீ ஆடி மாசமே வந்து கேட்டிருந்தா ஆடி மாசமே சொல்லியிருப்பனே தம்பி. கோட்டைல சொல்லக் கூடாதுனுதான கட்டுப்பாடு? எங்கிட்ட வந்து கேக்கக் கூடாதுனு யாரு சொன்னது?"

துரையிடம் சொல்லலாமா கூடாதா என்றே மாதக்கணக்கில் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாட்டாரிடம் கேட்கலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. புதிதாக எதையும் செய்பவர்கள் கச்சேரியில்தான் இருக்கிறார்கள் என்றும், குப்பத்தில் இருப்பதெல்லாம் மாறவே மாறாதது என்றும் நான் நம்பியிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட மடத்தனம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை கொடி ஏறியது, எல்லாப் படகும் வந்தது. அப்படிப் பிழைத்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு உடம்பு கூசுகிறது. ஆரம்பாக்கத்துப் பக்கத்துக் குப்பங்களில் என்ன முறை, என்ன கட்டுப்பாடு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மரம் நடுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

கூட்டம் கலைந்தபோது அஞ்சலை என்னிடம் வந்தாள். சாவு வீட்டில்கூட அவள் என்னோடு பேசியிருக்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரியாதவள் மாதிரி நின்றாள்.

"அண்ணா, இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

"இவ்ளோதாம்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இன்றுவரை எனக்குச் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு தடவைகூட அவளே எடுத்துக்கொண்டு வந்ததில்லை.